‘தேவைப்படவில்லை’ என்ற கட்டம்

அன்புள்ள டாக்டர்,

பிரசவ வார்டில் நான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, இப்போது பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடிக்கப்போகிறேன். தாய் சேய் நலத்தில் இருக்கிற ஏற்றத்தாழ்வுகளைப் பற்றி பி.ஹெச்டி. செய்து, அப்படியே ஆய்வு, கற்பித்தல் என்று இருந்துவிடலாம் என ஆசை. ஆனால் கூட வேலை பார்த்தவர்கள், “வார்டில் ஆள் பற்றவில்லை, நீ பேப்பர் எழுதப் போகிறாயா?” என்கிறார்கள். எனக்கே உறுத்துகிறது. இந்த ஆய்வுகளால் ஒரு தாயாவது பிழைத்திருக்கிறாளா? தவிர, எனக்குக் கணக்கு வராது. நேராகச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். புள்ளியியல் கற்றே ஆக வேண்டும், வேறு வழியில்லை. முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே கற்றவள் நான். வந்துவிடும்.

உங்கள் நண்பர்கள் கேட்டது நியாயம்தான். வார்டில் இருந்தால் இன்று யாரைக் காப்பாற்றினோம் என்று பெயர் சொல்லலாம், இந்த வேலையில் கடைசிவரை ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாது, அதைத் தாங்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். 1985-ல் ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய் சேய் நலம் என்கிறீர்களே, அதில் தாய் எங்கே என்பதுதான் கேள்வி. அதுவரை திட்டங்களெல்லாம் குழந்தையைச் சுற்றியே இருந்தன. இரண்டே வருடத்தில், 1987-ல், நைரோபியில் பாதுகாப்பான தாய்மைக்கான உலக முயற்சி தொடங்கியது. அதே மெய்னும் செரீன் தாடியஸும் 1994-ல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். ஒரு தாய் ஏன் இறந்தாள் என்று விசாரிக்கிறவர்கள் பல நாடுகளில் இன்றும் இந்த வரிசையில்தான் கேட்கிறார்கள். இதுவும் பேப்பர்தான்.

சரி, ஏற்றத்தாழ்வு என்ற சொல்லுக்கு வருவோம். 2023-ல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 197 தாய்மார்கள் இறந்தார்கள் என்பது உலகக் கணக்கு, 2030-க்குள் 70-க்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. இந்த மாதிரி எண்களை உடைப்பதுதான் நம் பிழைப்பு. மக்களை வசதிப்படி ஐந்து தட்டாகப் பிரித்து, மேலே நான்கு தட்டிலும் 95 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில், அடித்தட்டில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 84 வரும். அமைச்சர் சந்தோஷமாகக் கைதட்டுவார். (அடித்தட்டில் பெரும்பாலும் பிறப்புகள் அதிகம், அதனால் உண்மையான சராசரி இன்னும் இறங்கும். இதைக் கவனிக்காமல் பேப்பர் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

இதுவரை சொன்னதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே கிடைக்கும். என் முதல் சர்வேயில் நடந்ததைச் சொல்கிறேன். ‘ஏன் மருத்துவமனைக்குப் போகவில்லை?’ என்ற கேள்விக்குக் கீழே வரிசையாகக் கட்டங்கள்: தூரம், செலவு, வீட்டில் விடவில்லை, தேவைப்படவில்லை. டேட்டா வந்தபோது ‘தேவைப்படவில்லை’ குவிந்து கிடந்தது. நான் ஜோராக ஒரு அத்தியாயம் எழுதினேன், பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று. என் கைடு படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “நீங்கள் கேள்வி கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்?”

திரும்பப் போனேன். இந்தத் தடவை தனியாக, காகிதம் இல்லாமல். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, “போன பிரசவத்தில் வலி தாங்காமல் கத்தினேன், தொடையில் அடித்தார்கள்” என்றாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. இன்னொருத்திக்கு மூத்த பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. மூன்றாமவளுக்குப் பதிலாக மாமியார் பேசியிருக்கிறார். எல்லோரும் ஒரே கட்டத்துக்குள். அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன், ஒரு வருடம் போயிற்று.

அந்த அடியைப் புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு காலம் ஆனது. நீங்கள் நான்கு வருடம் அந்த அறைக்குள் நின்றவர். இரவு டியூட்டியில் ஒரே நர்ஸ், நான்கு பிரசவம் என்றால் குரல் எப்போது உயரும், யாரிடம் உயரும், யாரிடம் உயராது என்று உங்களுக்குத் தெரியும். யாரிடம் உயராது என்பதில்தான் ஏற்றத்தாழ்வே இருக்கிறது. உங்களால் எழுத முடிவது இதைத்தான். ஆனால் ஒன்று, எழுதினால் இன்று உங்களைக் கேள்வி கேட்கிற அதே நண்பர்களுக்கு அது பிடிக்காது, ஆள் பற்றாக்குறையையும் சேர்த்து எழுதினால்கூட.

அப்புறம் நடைமுறை. ஃபண்டிங் மூன்று வருடம் என்பார்கள், வேலை ஐந்து வருடம் இழுக்கும். கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பேப்பர்களை எண்ணாதீர்கள், மாணவர்களை ஃபீல்டுக்கு இரண்டாம் முறை அனுப்புகிறவரா என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். நர்ஸிங் பதிவை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.

முதல் அத்தியாயம் எழுதியதும் அனுப்புங்கள். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எங்காவது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.