வோட்ச் சொல்லும் நெருக்கீடு: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்குப் பார்க்கின்சன் (கைநடுக்கம் தரும் நரம்பு நோய்). தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் வோட்ச், அவர் சும்மா கதிரையில் இருந்தாலும் ‘ஸ்ட்ரெஸ் அதிகம்’ என்கிறது. நம்பலாமா? (சுன்னாகம்)

அப்படியே நம்ப வேண்டாம். வோட்ச்சுக்கு மனம் தெரியாது. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரண்டு நாடித்துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளக்கிறது. ஆறுதலாக இருக்கும்போது அந்த இடைவெளி கூடிக் குறையும். நெருக்கீட்டில் அந்த ஏற்ற இறக்கம் சுருங்கும். பார்க்கின்சனில் இதயத்துக்குப் போகும் தன்னியக்க நரம்புகளும் பழுதாவதால், அம்மா அமைதியாக இருந்தாலும் அது சுருங்கியே இருக்கக்கூடும். போதாததற்குக் கைநடுக்கம் அளவைக் குழப்பும். நடுக்கம் குறைந்த கையில், வழுகாதபடி கட்டிவிடுங்கள்.

அம்மாவின் இன்றைய ஸ்ட்ரெஸ் எண்ணை அவருடைய நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பார்க்கின்சனுக்கான லெவோடோபா குளிசை கொடுத்த நேரத்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். அடுத்த குளிசைக்குச் சற்று முன்னர் எண் ஏறி, அவருக்கும் பதகளிப்பு வருவது வழமையானால், மருந்தின் வேகம் இறங்குவது காரணமாகலாம். கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோடு போங்கள். குளிசையை நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

எனக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய்). நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் வோட்ச் சிவப்புக் காட்டுகிறது, கண்ணும் மங்குகிறது. பதற்றமா? (கோண்டாவில்)

வெக்கையாக இருக்கலாம். உடம்பு சூடேறினால் எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பார்வை மங்கி, குளிர்ந்ததும் தெளியும். ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890 இலேயே எழுதிவைத்த சங்கதி இது. சில வோட்ச்சுகளில் இருக்கும், வியர்வையை அளக்கும் சென்சருக்கு வெயில் வியர்வையும் பய வியர்வையும் ஒன்றுதான். வெயில் ஏறமுன் காலைப் பூசைக்குப் போய்வாருங்கள், கழுத்தில் ஈரத்துவாய் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த பிறகும் 24 மணித்தியாலத்துக்கு மேல் மங்கல் நின்றால் டொக்டரிடம் காட்டுங்கள்.

மைக்ரேனுக்குப் புரோப்ரனலோல் எடுக்கிறேன். சண்டை பிடித்தாலும் துடிப்பு ஏறவில்லையே? (சாவகச்சேரி)

மருந்து இதயத்துடிப்பை அடக்குகிறது. கோபம் அப்படியே இருக்கும், வோட்ச்சுக்குத்தான் தெரியாது.

மகனின் வலிப்பை வோட்ச் முன்கூட்டியே சொல்லுமா? (பருத்தித்துறை)

இல்லை. சில விசேட கைப்பட்டிகள், கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு தொடங்கியபின் போனுக்குச் செய்தி அனுப்பும். ஓடிவர வீட்டில் ஆள் வேண்டும். நித்திரைக் குறைவும் நெருக்கீடும் வலிப்பைத் தூண்டக்கூடியவை, பரீட்சைக் காலத்தில் கவனம்.

எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பதகளிக்கிறது. (மானிப்பாய்)

அறிவிப்புகளை நிறுத்துங்கள். ஐந்து செக்கன் உள்மூச்சு, ஐந்து செக்கன் வெளிமூச்சு, ஐந்து நிமிடம். அந்த நேரம் வோட்ச்சைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.