மருத்துவரும் ஆராய்ச்சியாளரும் ஆக எது முதலில்?

சோமனூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மகளுக்கு நோயாளியும் வேண்டும், ஆய்வகமும் வேண்டும், எம்.பி.பி.எஸ். சேர்வதா, பி.எஸ்சி. படித்து பி.எச்டி. போவதா?

எம்.பி.பி.எஸ்.தான். பி.எச்டி. மட்டும் முடித்தவர் மருந்துச்சீட்டு எழுத முடியாது. மருத்துவரோ பின்னாளில் பி.எச்டி. செய்யலாம்.

அமெரிக்காவில் எம்.டி.யையும் பி.எச்டி.யையும் இணைத்து ஏறத்தாழ 8 ஆண்டுகளில் படிக்கலாம், அதுவும் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு. பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: அவர்களுடைய எம்.டி. அடிப்படை மருத்துவப் பட்டம், நம்முடையது 3 ஆண்டு முதுநிலை. இங்கே பெரும்பாலும் எம்.பி.பி.எஸ்., எம்.டி., பி.எச்டி. என்று இழை இழையாகத்தான் நெய்ய வேண்டும். தறிக்காரர் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

கோவையிலோ பெருந்துறையிலோ சேர்ந்தால், படிக்கும்போதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2 மாத மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆய்வில் மனம் ஒட்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.