எல்கேஜியில் சேர்த்தால்தான் பிள்ளை பின்னால் நன்றாகப் படிக்குமா? ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

மூன்றரை வயது மகனை எல்கேஜியில் போடுவதா, அங்கன்வாடிக்கு அனுப்புவதா, ஐந்து வயது வரை வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "அங்கன்வாடியில் சோறு போட்டுத் தூங்கத்தானே வைப்பார்கள்" என்றும் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் பால்வாடி டீச்சர் என்பார்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பணம் கட்டிச் சேர்ப்பது என்று பாதி முடிவு செய்துவிட்டவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆராய்ச்சி. எல்லாரும் காட்டுவது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் தொடங்கிய பெர்ரி பள்ளி ஆய்வு. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தினமும் இரண்டரை மணி நேரம் வகுப்பு. வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கே போய்த் தாயோடும் பிள்ளையோடும் உட்காருவார். அறிவுத்திறன் தேர்வில் கிடைத்த முன்னிலை தொடக்கப்பள்ளியிலேயே கரைந்துபோனது. ஆனால் நாற்பது வயதில் போய்ப் பார்த்தபோது, வகுப்புக்குப் போனவர்களில் 77 சதவீதம் பேர் பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள், போகாதவர்களில் 60. சம்பாத்தியமும் கூடுதல், போலீஸ் வழக்கும் குறைவு. அங்கே ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஒரு டீச்சர். இந்த ஆய்வைச் சொல்லி ஃபீஸ் கேட்பவர்கள் அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அதே நாட்டில், டென்னசி மாநிலத்தின் இலவச முன்பருவ வகுப்பைப் பற்றி 2022-ல் வந்த ஆய்வு நேர்மாறு. அங்கே போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில், போகாத பிள்ளைகளைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். அதனால் "சேர்த்துவிட்டால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊர் ஆய்வும் இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், கனிமியன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, சரிபாதியில் மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரைநாள் வேலைக்கு இன்னொருவரைப் போட்டுப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய டீச்சருக்குச் சத்துணவு வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும் குறைந்தார்கள். கட்டடத்தை மாற்றவில்லை. பிள்ளையோடு உட்கார ஓர் ஆள் கூடுதலாக வந்தார், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு பையன். நாலு வயதில் டவுனில் இங்கிலீஷ் மீடியம் நர்சரிக்கு வேனில் போய்வந்தான். ஒருநாள் சாயங்காலம் அவன் ஆச்சி நாலு கோடு நோட்டோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "கை வலிக்குன்னு அழுதான் டீச்சர், நீங்க கொஞ்சம் எழுத வைங்களேன்." மூன்று பக்கம் எழுத வேண்டுமாம். நோட்டை மூடிவைத்துவிட்டு, ஒன்றிலிருந்து சொல்லச் சொன்னேன். மூச்சு விடாமல் நூறு வரை இங்கிலீஷில் ஒப்பித்தான். பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையைக் கொட்டி, "ஏழு எடுத்துத் தா ராசா" என்றேன். ஒரு கை நிறைய அள்ளி நீட்டினான். "செவன்" என்றும் சொல்லிப் பார்த்தேன். இன்னும் ஒரு கை அள்ளினான். அதே வயதில் என் மையத்துப் பிள்ளைகள், இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தலையை எண்ணி, அத்தனை தட்டை எடுத்துவைப்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் வராது, பெரும்பாலானவர்களுக்கு வரும். அந்தப் பையன் அதன் பிறகு சாயங்காலங்களில் புளியங்கொட்டைக்காகவே வந்தான். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்தாகப் போடப் பழகியபோது, ஒப்பித்த எண்ணுக்கு அவனுக்குப் பொருள் கிடைத்தது.

"உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுகிறாய்" என்று சிலர் வருவார்கள். எல்லா நர்சரியும் மோசம் என்று நான் எழுதவில்லை. பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக் கதை சொல்லும் நர்சரி டீச்சர்களையும் எனக்குத் தெரியும், அவர்களில் பலருக்குச் சம்பளம் என்னைவிடக் குறைவு. எல்லா அங்கன்வாடியும் நன்றாக நடக்கிறது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் காரணத்தையும் கேளுங்கள். எடை, உயரம், கர்ப்பிணிப் பதிவு, சத்துமாவுக் கணக்கு எல்லாம் ஒரே ஆள். காலையில் பாட்டு ஆரம்பிக்கும் நேரத்தில் செல்போன் செயலியில் படம் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாமல் மொட்டை வெயிலில் ரோட்டில் நிற்கும்போது உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் வீடு வீடாகப் போவதும் நாங்கள்தான். இத்தனையும் செய்துவிட்டு "தூங்க வைப்பார்கள்" என்று படிக்கும்போது நெஞ்சு எரிகிறது.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கே சேர்ப்பதானாலும் சொல்லாமல் ஒருநாள் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். டீச்சர் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறாரா, பிள்ளைகள் பதில் பேசுகிறார்களா, கையில் பென்சில் மட்டும்தானா, கட்டையும் களிமண்ணும் இருக்கிறதா. ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை என்றும் கேளுங்கள். அங்கன்வாடி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த டீச்சருக்குப் பக்கத்து ஊர் மையமும் கூடுதல் பொறுப்பாக இருக்கிறதா? இருந்தால் வாரத்தில் பாதி நாள் உங்கள் மகனோடு உட்கார ஆளிருக்காது. காலியிடத்தை நிரப்பச் சொல்லி ஊர்க்காரர்களோடு சேர்ந்து நீங்களும் ஒரு மனு கொடுங்கள்.