புகைக்குழாய் இல்லாவிட்டால் போதுமா? வாகனப் புகை பற்றி வாசகர் கேள்விகள்

மின்சாரமே நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது? மின்கார் புகையை இடம் மாற்றிவிடுகிறது, அவ்வளவுதானே?

பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின், எரிபொருளில் உள்ள ஆற்றலில் சுமார் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. மற்றதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. மின்கார், பேட்டரியில் ஏறிய மின்சாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ஓட்டமாக மாற்றிவிடும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக வேலை செய்து கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பியும் தரும்.

ஆனாலும், பேட்டரி தயாரிப்பிலேயே கணிசமான கரியமில வாயு வெளியாகிறது. மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்தே வருமானால், பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் சிக்கனமான ஹைபிரிட் காரைவிட மின்கார் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கலக்கக் கலக்க இந்த நிலை மாறுகிறது. பெட்ரோல் கார் பழசாகும்போது புகை கூடத்தான் செய்யும். மின்காரோ, மின்சாரம் தூய்மையாகும் அளவுக்குத் தானும் தூய்மையாகும்.

கரியமில வாயுவைத் தாண்டி இன்னொன்று உண்டு. தெருப்புகை குழந்தையின் மூக்கு மட்டத்தில் வெளியாகிறது. அதற்காக, அனல்மின் நிலையத்தை ஒட்டி வாழும் மக்களின் நுரையீரலை மறந்துவிட முடியாது. மின்வாகனத்தை ஆதரிப்பவர்கள், அந்த நிலையங்களில் கந்தகத்தையும் சாம்பலையும் பிடிக்கும் கருவிகள் வேண்டும் என்றும் அதே குரலில் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன்.

ஹைட்ரஜன் வண்டி தண்ணீரை மட்டுமே வெளியிடுகிறது என்கிறார்களே. காத்திருக்கலாமா?

காருக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தும் எடுக்கலாம். ஆனால் பிரிப்பதில் இழப்பு, 700 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் அடைப்பதில் இழப்பு, எரிபொருள் செல்லில் மீண்டும் மின்சாரமாக்குவதில் இழப்பு. பத்து பங்கு மின்சாரத்தில் சக்கரத்துக்கு வந்து சேர்வது மூன்று பங்கு அளவுதான். அதே மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றினால் ஏழு பங்குக்கு மேல் கிடைக்கும். உர உற்பத்திக்கும் எஃகு உருக்குவதற்கும் தூய ஹைட்ரஜன் மிகவும் தேவைப்படுகிறது. முதலில் அங்கே போகட்டும்.

ஹைட்ரஜனை எஞ்சினில் நேரடியாக எரித்தால் 'தண்ணீர் மட்டும்' என்பதும் சரியில்லை. அந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன.

என் டீசல் காரில் புகை வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. எடுத்துவிட்டால் மைலேஜ் கூடும் என்கிறார் மெக்கானிக்.

தயவுசெய்து எடுக்காதீர்கள். அந்த வடிகட்டி கரித்துகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பிடித்து வைக்கிறது. நுரையீரலின் ஆழம்வரை போய், ரத்தத்திலும் கலக்கக்கூடிய நுண்துகள்கள் அவை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. உங்களுக்கு மிச்சமாகும் சில லிட்டர் டீசலுக்கு, பின்னால் வரும் சைக்கிள்காரர் விலை கொடுக்கிறார்.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம், குறைந்த தூரத்தை மெதுவாக ஓட்டுவதுதான். பிடித்து வைத்த கரியை எரித்துத் தீர்க்க வடிகட்டி சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற வேண்டும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். நகருக்குள் மட்டுமே ஓட்டுபவருக்கு டீசல் கார் பொருத்தமே இல்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல் மைலேஜைக் குறைக்குமா?

குறைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் சுமார் 6, 7 சதவீதம் குறையலாம். சுற்றுச்சூழலுக்கு லாபமா என்பது, எத்தனால் பயிர்க்கழிவிலிருந்து வந்ததா, காட்டை அழித்துப் போட்ட பயிரிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தது.

டயர் தேய்மானமும் மாசுதானே? மின்கார் கனமானது ஆயிற்றே.

நல்ல கேள்வி. பேட்டரியின் எடையால் டயர் கூடுதலாகத் தேயத்தான் செய்கிறது. பிரேக் தூசி மட்டும், மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால், நன்றாகக் குறைகிறது. ரப்பரில் விரிசல் விழாமலிருக்க டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து நச்சாகி, மழைநீரோடு ஓடைகளில் கலந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவின் யூரோ 7 என்ற வாகன மாசு விதிகள் பிரேக் துகளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு விதிக்கின்றன. வண்டி சிறியதாக இருப்பதே இதற்கு நல்ல மருந்து. இரண்டரை டன் எடையுள்ள மின்காரைத் தூய வாகனம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பேட்டரியில் பெரிய விமானங்கள் பறக்குமா?

நீண்ட தூரத்துக்குக் கண்ணுக்கெட்டிய வரை வாய்ப்பில்லை. ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பேட்டரியில் கால் கிலோவாட் மணி அளவுதான்.

ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் காரை விற்று மின்கார் வாங்க வேண்டுமா?

அவசரம் வேண்டாம். உங்கள் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 270 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ கரியமில வாயுவைத் தரும். ஆகவே ஏறக்குறைய 600 கிலோ. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் தந்து, நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் ஒரு டீசல் பஸ் அதே 600 கிலோவை நான்கே நாளில் வெளியேற்றிவிடும். பஸ்ஸில் பலர் போகிறார்கள், அதனால் தலைக்குக் குறைவுதான். ஆனால் பேட்டரியை முதலில் எந்த வண்டியில் வைப்பது என்று கேட்டால், நாள் முழுக்க ஓடும் பஸ், டாக்ஸி, சரக்கு வேன் ஆகியவற்றில்தான். சீனாவின் ஷென்சென் நகரம் 2017க்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. உங்கள் காரின் டயரில் சரியான காற்றழுத்தம் வைத்து, நேரத்துக்கு சர்வீஸ் செய்து, அது தேயும்வரை ஓட்டுங்கள். அடுத்து வாங்கும்போது சிறிய மின்காராக வாங்குங்கள். உங்கள் நகராட்சியிடம் மட்டும் இன்றே மின்பஸ் கேளுங்கள்.