கடோலினியம் பத்தி கேளுங்க, எனக்கு தெரிஞ்சத சொல்றேன்

கே: எம்ஆர்ஐ எடுக்கும்போது ஒரு ஊசி போட்டாங்க, அது கடோலினியமாம். விஷமா சார்?

ப: இது ஒரு உலோகம், தனியா உள்ள போனா விஷம்தான். அதோட அயனி சைஸ் கிட்டத்தட்ட கால்சியம் அளவுதான், அதனால கால்சியம் போற வழியில போய் அடைச்சுக்கும். அதுக்குத்தான் இன்னொரு மூலக்கூறுக்குள்ள இறுக்கி பிடிச்சு ஏத்தறாங்க, கீலேட்னு பேரு. கிட்னி நல்லா இருந்தா ஒன்றரை மணி நேரத்துலயே ஏறக்குறைய பாதி மூத்திரத்துல போயிடும். இந்த பிடி ரெண்டு வகை, சங்கிலி மாதிரி ஒண்ணு, வளையம் மாதிரி ஒண்ணு. சங்கிலி கொஞ்சம் லூசு. கிட்னி ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கு மருந்து வெளிய போகாம உள்ளயே கிடந்து பிரிஞ்சு, தோல் கெட்டியாகி மூட்டு மடக்க முடியாம போச்சு. 1997ல கண்ணுல பட்ட இந்த வியாதிக்கு ஊசிதான் காரணம்னு 2006லதான் பிடிபட்டுச்சு. 2017ல ஐரோப்பாவுல சங்கிலி வகை சிலதை நிறுத்தியே வச்சாங்க. ஊசிக்கு முன்னாடி கிரியேட்டினின் ரிப்போர்ட்ட காட்டுங்க, கிட்னி எப்படி இருக்குன்னு சொல்ற ரத்த டெஸ்ட் அது.

கே: எனக்கு நாலு தடவை போட்டாச்சு, மூளையில தங்குமாமே?

ப: கொஞ்சம் தங்குது, 2014ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க, சங்கிலி வகையிலதான் அதிகம். அதனால மூளைக்கு கெடுதல்னு இதுவரை நிரூபணம் ஆகல. அவசியம்னா மட்டும் போட்டுக்கோங்க, கிரியேட்டினின் பாத்துட்டு.

கே: அயோடின் அலர்ஜி இருக்கு, போடலாமா?

ப: அயோடின் சிடி ஸ்கேனுக்கு போடறது, இது வேற மருந்து. ஆனாலும் அலர்ஜி இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கே: நியோடிமியம் காந்தத்த குழந்தை முழுங்கினா?

ப: என் ஏரியா இல்ல. ஆனா ரெண்டு முழுங்கியிருந்தா குடலை நடுவுல வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இங்க டைப் பண்ணாம எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

கே: ஸ்கேனுக்கு மட்டும்தானா இது?

ப: அப்பாடா, நல்ல கேள்வி! நியூட்ரானை விழுங்கறதுல நிலையான தனிமங்கள்ல இத மிஞ்ச ஆளே இல்ல, அதனால அணு உலை எரிபொருள்ல கலக்கறாங்க. ஜப்பான்ல சூப்பர் கமியோகாண்டேன்னு 50,000 டன் தண்ணி வச்சு நியூட்ரினோங்கற நுண்துகளைப் பிடிக்கறாங்களே, அதுலயும் 2020ல இத கரைச்சாங்க. இன்னொரு கூத்து, சுமார் 20 டிகிரிக்கு கீழ காந்தத்துல நல்லா ஒட்டும், கையில வச்சு சூடாக்கினா விட்டுடும்.

கே: ஆத்துத் தண்ணியில கலக்குதாமே?

ப: கலக்குது. ரைன் நதியில இருக்குன்னு 1996லயே எழுதிட்டாங்க. ஸ்கேன் எடுத்தவங்க மூத்திரம் சாக்கடைக்கு போகுது, சுத்திகரிப்பு நிலையத்துல இது பெருசா நிக்கறதில்ல.

கே: வளையம் இறுக்கமா இருக்கும்னு நீங்கதானே சொல்றீங்க, அப்புறம் தண்ணியில என்ன பயம்?

ப: அட, அந்த இறுக்கம்தாங்க சிக்கலே. உங்க உடம்புக்குள்ள பிரியாதது சாக்கடையிலயும் பிரியாது, கசடுல ஒட்டாது, நேரா ஆத்துக்கு போயிடும். புற ஊதா ஒளி போட்டு தண்ணிய சுத்தம் பண்ற இடத்துல பிடி உடைஞ்சா என்ன ஆகும்ங்கறதுதான் என் கவலை. இப்ப இருக்கற அளவு ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா ஸ்கேன் எண்ணிக்கை ஏறிட்டே இருக்கே.

கே: அப்போ ஸ்கேனையே தடை பண்ணணும்!

ப: கட்டி இருக்கறவங்ககிட்ட போய் இத சொல்லுங்க பாப்போம். சிடி ஸ்கேன் ஊசி போட்டவங்களுக்கு மூத்திரப் பை குடுத்து தனியா சேகரிக்கறத ஜெர்மனியில முயற்சி பண்ணிருக்காங்க, அந்த மாதிரி வழியப் பத்தி பேசுவோம்.

கே: டீடாக்ஸ் பவுடர் சாப்பிட்டா வெளிய வருமா?

ப: காசு வெளிய வரும்.

கே: சார், கடோலினியம் விஷமா?

ப: முதல் பதில். மேல இருக்கு. கிரியேட்டினின்.