சூடான இன்ஜினில் மினுக்கும் ஆயில் விளக்கு: பழுது சென்சாரிலா, அழுத்தத்திலா?

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது. ஆயில் பிரஷர் சென்சாரை மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகு. இன்ஜின் சூடேறினால் ஆயில் நீர்த்துவிடும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஆயில் பம்பும் மெதுவாகவே சுற்றும். ஆகவே சூடான ஐடிலில்தான் ஆயில் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். தேய்ந்த பேரிங்கும் இதே அறிகுறியைக் காட்டும், கெட்டுப்போன சென்சாரும் இதையே காட்டும். டிப்ஸ்டிக் சொல்வது ஆயிலின் அளவை மட்டுமே. அழுத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பல கார்களில் சென்சாராக இருப்பது ஒற்றை வயர் கொண்ட எளிய சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது அது வயரை இன்ஜின் பாடியோடு இணைத்து விளக்கை எரிய வைக்கும். அழுத்தம் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ.யை (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டியதும் இணைப்பைத் துண்டித்துவிடும். இந்த வகையாக இருந்தால், இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சாருக்கு வரும் வயர் வழியில் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது என்று பொருள். மூன்று வயர் கொண்ட சென்சாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதற்கு ஸ்கேனரில் பி0520 முதல் பி0524 வரையிலான பழுதுக் குறியீடுகளைப் பார்க்க வேண்டும். பி0522, பி0523 இரண்டும் சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு அல்லது மிக அதிகம் என்பதைக் குறிப்பவை. பி0524 வந்தால் அழுத்தமே குறைவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே கவனியுங்கள்.

கனெக்டரைக் கழற்றிய கையோடு அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பின்னைச் சுற்றிக் கருப்பாக ஆயில் ஒட்டினால், சென்சாருக்குள் இருக்கும் டயஃபிரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்து ஆயில் கசிந்து வந்திருக்கலாம். அந்தச் சென்சாரை மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் அடுத்த சோதனையை விட்டுவிடாதீர்கள்.

அது மெக்கானிக்கல் கேஜ், அதாவது முள் காட்டும் அழுத்தமானி, வைத்து அளப்பது. சென்சாரைக் கழற்றி, அதே துளையில் பொருத்தமான அடாப்டருடன் கேஜை மாட்டி, இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஐடிலிலும் 2000 ஆர்.பி.எம்.மிலும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவே இறுதியானது. அது கையில் இல்லையென்றால், ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்ற பழைய கணக்கு ஓரளவு உதவும். சூடான ஐடிலில் கேஜ் 15 பி.எஸ்.ஐ. காட்டியும் விளக்கு மினுக்கியிருந்தால் பழுது சென்சாரில்தான். கேஜ் 5 பி.எஸ்.ஐ.யைச் சுற்றி ஆடினால் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

இரண்டு முறை சென்சார் மாற்றியும் விளக்கு மினுக்கிய ஒரு வண்டி என்னிடம் வந்தது. கேஜில் 4 பி.எஸ்.ஐ. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றியபோது, பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையின் முக்கால் பங்கைத் தார் போன்ற கசடு அடைத்திருந்தது. இன்னும் சில நாள் அப்படியே ஓடியிருந்தால் கிராங்க்ஷாஃப்ட் பேரிங்குகள் தப்பியிருக்காது. அழுத்தம் உண்மையிலேயே குறைவாக இருந்தால், முதலில் சரியான கிரேடு ஆயிலும் புதிய ஃபில்டரும் போட்டு மீண்டும் அளக்க வேண்டும். பிறகு ஸ்ட்ரெய்னர், அழுத்தம் மிகாமல் காக்கும் ரிலீஃப் வால்வு, பம்ப், கடைசியாக பேரிங் என்று பார்த்துப் போக வேண்டும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால், ஆயிலில் பெட்ரோல் கலந்திருப்பதே காரணமாக இருக்கலாம். தடித்த ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நோய் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும்.

சென்சார்தான் பழுது என்று உறுதியானால் வேலை சிறியது. இன்ஜின் ஆறிய பிறகு, கீழே துணி வைத்து, அதற்குரிய நீளமான சாக்கெட்டால் பழையதைக் கழற்றுங்கள். புதியதன் மரையில் சீலன்ட் ஏற்கெனவே பூசப்பட்டிருந்தால் வேறு எதையும் சேர்க்க வேண்டாம். பூசாத சென்சாருக்கு மேனுவல் சீலன்ட் கேட்டால், முனையில் இரண்டு மரைகளை விட்டுவிட்டு மெல்லியதாகப் பூசினால் போதும். டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால், பாடி வழியாக எர்த் எடுக்கும் ஒற்றை வயர் சுவிட்ச் வேலை செய்யாமல் போகலாம். பிய்ந்த துணுக்குகள் ஆயில் வழியை அடைக்கவும் கூடும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருப்புங்கள். அலுமினிய பிளாக்கில் மரை எளிதில் அழிந்துவிடும் என்பதால் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்கும் விசையின் அளவு) மேல் இறுக்காதீர்கள். ஸ்டார்ட் செய்த சில விநாடிகளில் விளக்கு அணைய வேண்டும். சென்சாரின் அடியில் கசிவு இருக்கிறதா என்று அப்போதும், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் பார்த்து, ஆயில் அளவைச் சரிசெய்யுங்கள்.

கேஜ் வைத்து அளக்கும்வரை காரை ஓட்டாமல் இருப்பதே நல்லது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் வழியில் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்டாலோ, அங்கேயே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, காரைக் கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.