மடத்துக்குப் போனவருக்குப் பதவி எதற்கு?

கேள்வி: உலகமே வேண்டாம் என்று மடத்தில் சேர்ந்த இங்கிலாந்துக் கத்தோலிக்கர் பேசில் ஹியூம், கடைசியில் லண்டனில் போப்புக்கு அடுத்த நிலையான கர்தினாலாகிச் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டார். அவரைப் போய்த் துறவி என்கிறீர்களே, பதவி ஆசைதானே?

பதில்: ஆசைப்பட்டால் கிடைக்கிற பதவியா அது? 1941-இல், 18 வயதில், யார்க்‌ஷயரில் இருக்கும் ஆம்பிள்ஃபோர்த் மடத்தில் சேர்ந்தவர். பெனடிக்ட் சபை, நம்மூர்ப் பெரியவர்கள் ஆசீர்வாதப்பர் சபை என்பார்களே, அது. மடத்துப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, பையன்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தவரை 1963-இல் சக துறவிகளே ஓட்டுப் போட்டு மடாதிபதி ஆக்கினார்கள். 1976-இல் ரோம் அவரை லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக நியமித்தபோது, அதற்கு முன் ஒருநாள்கூட அவர் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்ததில்லை. மே மாதமே கர்தினால்.

பதவியேற்ற அன்று சாயங்காலம் என்ன செய்தார் தெரியுமா? தன் மடத்துத் துறவிகளைக் கூட்டிக்கொண்டு, ரோமிலிருந்து பிரிந்துபோன இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன்காரர்களின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குப் போய் லத்தீனில் மாலை ஜெபம் பாடினார். ஒருகாலத்தில் அதுவும் பெனடிக்ட் மடம்தான். 400 வருஷத்துக்கு மேல் அங்கே கேட்காத பாட்டு.

அப்புறம் ஜியூசெப்பே கான்லன். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் 1974-இல் நடந்த குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகக் கைதான மகனுக்கு வக்கீல் பிடிக்க வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த நுரையீரல் நோயாளி. அவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். ஹியூம் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தார், இவர் குற்றவாளி இல்லை என்று நம்பினார், விடாமல் மன்றாடினார். கான்லன் 1980-இல் கைதியாகவே செத்தார். ஹியூம் அப்போதும் விடவில்லை. இரண்டு முன்னாள் உள்துறை அமைச்சர்களையும் இரண்டு பெரிய நீதிபதிகளையும் சேர்த்துக்கொண்டு அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். 1989-இல் மகன் வெளியே வந்தார், 1991-இல் செத்த அப்பாவின் தண்டனையும் ரத்தானது. பதவி இதற்கும் உதவும், சார்.

சிவப்பு அங்கி உங்கள் கண்ணை உறுத்துகிறது, சரி. எனக்கு உறுத்துவது அவர் கருப்பு அங்கியில் இருந்த 1975. பள்ளிச் சிறுவர்களிடம் ஒரு துறவி தவறாக நடந்துகொண்டது அப்போது மடாதிபதியாக இருந்த ஹியூமுக்குத் தெரியவந்தது. ஆளை அங்கிருந்து மாற்றினார், போலீசுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் அரசு விசாரணை 2018 அறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறது. முன்பின் தெரியாத கைதிக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் அலைந்தவருக்குத் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு போன் போடத் தோன்றவில்லை. அந்தத் துறவி ஜெயிலுக்குப் போனது 2006-இல். ஹியூம் 1999-லேயே புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார்.